எந்த இலை மஞ்சள்? உரம் வாங்கும் முன்னே இலையைப் படியுங்க!



வீட்டைச் சுற்றித் தோட்டம் போட்டவர்களும், குழுவாகச் சேர்ந்து குத்தகை நிலத்தில் காய்கறி போட்டவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "செடி மஞ்சளாப் போச்சு, என்ன போடலாம்?" என்பதுதான் அது. உடனே பக்கத்தில் இருக்கிறவர் ஒன்று சொல்வார், கடையில் ஒன்று சொல்வார்கள். யூரியா ஒரு மூட்டை, டானிக் ஒரு பாட்டில் என்று வாங்கி வந்துவிடுவோம். அந்தப் பணம் பல நேரம் குழுவில் வாங்கிய கடன். செடி பச்சையானாலும் ஆகாவிட்டாலும் மாதா மாதம் வட்டியோடு கட்டியே ஆகணும், இல்லீங்களா?

அதனால் பணத்தை எடுக்கும் முன்னால் இரண்டு கேள்விக்குப் பதில் தேடுவோம். மஞ்சளானது அடி இலையா, கொழுந்து இலையா? அந்தச் செடிக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வெயில் கிடைக்கிறது? இந்த இரண்டும் தெரிந்தால் பாதிச் செலவு மிச்சம்.

செடி எதைச் சாப்பிட்டு வளருகிறது?

"மண்ணைச் சாப்பிட்டுத்தான்" என்று நாம் நினைக்கிறோம். முன்னாளில் படித்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். இன்றைய பெல்ஜியம் நாட்டில் வாழ்ந்த வான் ஹெல்மாண்ட் என்பவர் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு பெரிய தொட்டியில் ஏறத்தாழ 90 கிலோ காய்ந்த மண்ணை எடை போட்டு நிரப்பினார். அதில் இரண்டே கால் கிலோ எடையுள்ள ஒரு மரக்கன்றை நட்டு, ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். கன்று மரமாகி ஏறத்தாழ 77 கிலோ ஆகிவிட்டது. மண்ணைக் காய வைத்து மறுபடி எடை போட்டால் குறைந்தது 60 கிராம் கூட இல்லை! அவர் இறந்த பிறகு, 1648-ல் இந்த விவரம் புத்தகமாக வந்தது.

மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். அது பாதிதான் சரி. மீதிப் பாதி காற்றில் இருந்தது. 1779-ல் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர், தண்ணீருக்குள் வைத்த பச்சை இலையில் வெயில் பட்டால் காற்றுக் குமிழி வருகிறது, இருட்டில் வருவதில்லை என்று கண்டு எழுதினார். நீங்களும் பார்க்கலாம். குளத்தில் கிடக்கும் பாசிக்கொடியைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு வெயிலில் வையுங்க. சின்னச் சின்னக் குமிழி மேலே வரும். நிழலுக்குக் கொண்டு போனால் குறைந்துவிடும். பிள்ளைகளுக்குக் காட்டுங்க, சந்தோஷப்படுவார்கள்.

நம் சமையலோடு ஒப்பிட்டால் சுலபமாகப் புரியும். இலைதான் சமையலறை. வெயில்தான் அடுப்பு நெருப்பு. வேர் கொண்டு வரும் தண்ணீரும், காற்றில் இருக்கும் கரியமில வாயுவும் அரிசி பருப்பு. இலையில் இருக்கும் பச்சையம் என்ற பச்சை நிறம் வெயிலைப் பிடித்துச் சமையலை நடத்துகிறது. சமைத்து வருவது சர்க்கரை. அதுதான் காயாக, கிழங்காக, தண்டாக மாறுகிறது.

அப்படியானால் உரம் எதற்கு? மண் குறைந்த அந்தக் கொஞ்சம் கிராமில்தான் விஷயம் இருக்கிறது. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்போமே, அந்த உப்புதான் தாதுச் சத்துகள். அளவு கொஞ்சம், ஆனால் அது இல்லாமல் சமையல் இல்லை. அதே நேரம், அடுப்பே எரியாத வீட்டில் உப்பை அள்ளிக் கொட்டி என்ன பயன்? நிழலில் நிற்கும் செடிக்கு உரம் போடுவதும் அப்படித்தான்.

முதலில் அடுப்பைப் பாருங்க: எத்தனை மணி வெயில்?

தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை போன்ற காய்க்கும் செடிகளுக்கு ஒரு நாளில் குறைந்தது 6 மணி நேரம் நேரடி வெயில் வேணும். கீரைக்கும், புதினா, கொத்தமல்லிக்கும் 3, 4 மணி நேரம் இருந்தாலே சமாளிக்கும். இஞ்சி, மஞ்சள், சேப்பங்கிழங்கு தென்னைக்கு நடுவே வடிகட்டி விழும் வெயிலிலும் வரும். வெற்றிலைக்கொடி அகத்தி நிழலைத்தான் விரும்பும்.

வெயில் போதாத செடி எப்படி இருக்கும்? தண்டு மெலிந்து, கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, வெளிச்சம் வரும் பக்கமாகச் சாயும். இலை வெளுத்துப் பெரிதாகத் தொங்கும். பூ வந்தாலும் உதிரும். இதைப் பார்த்து "சத்து போதலை" என்று யூரியா போட்டால் செடி இன்னும் நெட்டையாக, இளசாக வளரும். இளசான தழைக்கு அசுவினி முதலில் ஓடி வரும். பிறகு அதற்கு மருந்துச் செலவு. ஒரு தவறு இரண்டு செலவாகிவிடுகிறது.

வெயிலைக் கணக்குப் பார்க்க கருவி வேண்டாம். செடி வைக்கப் போகும் இடத்தில் ஒரு குச்சியை நடுங்க. காலை 8, 10, மதியம் 12, 2, மாலை 4 என்று ஐந்து முறை போய்ப் பாருங்க. குச்சியின் நிழல் தெளிவாக விழுந்தால் நேரடி வெயில். நிழல் மங்கலாக இருந்தாலோ, விழாவிட்டாலோ வெயில் இல்லை. ஒரு முறைக்கு இரண்டு மணி நேரம் என்று கணக்கு வைத்தால் போதும்.

இன்னொன்றும் கவனிக்கணும். மார்கழி, தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். அப்போது வீட்டுக்கு வடக்குப் பக்கம் நிழல் நீண்டு விழும். ஆடியில் நல்ல வெயில் அடித்த இடம் மார்கழியில் நிழலாகி இருக்கும். ஆக, பனிக்காலத்துத் தக்காளி, கத்தரியை வீட்டுக்குத் தெற்கே வையுங்க. வடக்கே கீரை இருக்கட்டும்.

வெயிலின் அளவு மட்டுமல்ல, பகல் எவ்வளவு நீளம் என்பதும் சில செடிகளுக்குக் கணக்கு. நாட்டு அவரையை எப்போது விதைத்தாலும், பகல் சுருங்கி இரவு நீளும் காலம் வந்தால்தான் பூக்கும். புரட்டாசியில் கொடி மட்டும் படர்ந்து பூவைக் காணோம் என்றால் உரக் குறைவு இல்லை, பொறுமைக் குறைவு! ஓசூர் பக்கம் சாமந்தித் தோட்டங்களில் ராத்திரியில் பல்பு எரிவதும் இதற்காகத்தான். சாமந்திக்கு நீண்ட இரவு வந்தால் பூ வந்துவிடும். செடி நன்றாக வளரும் வரை விளக்குப் போட்டு இரவைக் குறைத்து, பூவைத் தள்ளிப் போடுகிறார்கள்.

அடுத்து உப்பு: 14 தாதுச் சத்துகள்

மண்ணிலிருந்து செடிக்கு 14 தாதுச் சத்துகள் வேணும். அதிகமாக வேண்டியவை தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து. அடுத்த அளவில் சுண்ணாம்பு, மக்னீசியம், கந்தகம். துளி அளவில் இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு, தாமிரம், போரான், மாலிப்டினம், குளோரின், நிக்கல். இந்தக் கடைசி எட்டைத்தான் நுண்ணூட்டம் என்கிறோம்.

இட்லிக்கு மாவு அரைக்கிறோம். அரிசி ஒரு மூட்டை இருக்கு, உளுந்து ஒரு உழக்குதான் இருக்கு. எவ்வளவு இட்லி மாவு அரைக்கலாம்? உளுந்து எவ்வளவோ அவ்வளவுதான். மேலும் ஒரு மூட்டை அரிசி வாங்கினாலும் இட்லி கூடாது. செடியும் அப்படித்தான். எது குறைவோ அதுதான் விளைச்சலை முடிவு செய்யும். துத்தநாகம் இல்லாத வயலில் யூரியாவைக் கூட்டுவது உளுந்து இல்லாமல் அரிசி வாங்குகிற கதை.

அது சரி, எது குறைவு என்று எப்படித் தெரிந்துகொள்வது? இலையே சொல்லும்.

அடி இலையா, கொழுந்து இலையா?

வீட்டில் சாப்பாடு குறைந்தால் தாய் தன் பங்கை எடுத்துப் பிள்ளைக்கு வைப்பாள். செடியிலும் சில சத்துகள் இப்படி நகரும். பற்றாக்குறை வந்தால் வயதான அடி இலையிலிருந்து உருவி, கொழுந்துக்கு அனுப்பிவிடும். அதனால் அடி இலைதான் முதலில் வாடும். வேறு சில சத்துகள் சுவரில் வைத்துப் பூசின செங்கல் மாதிரி. ஒரு இலையில் சேர்ந்துவிட்டால் மறுபடி பெயர்த்து எடுக்க முடியாது. அவை குறைந்தால் புதிதாக வரும் கொழுந்துதான் முதலில் பாதிக்கும்.

அடி இலையில் தெரிந்தால்:

* இலை முழுக்க ஒரே சீராக வெளிர் மஞ்சள், செடி குன்றி இருக்கு: தழைச்சத்துக் குறைவு.
* நரம்பு பச்சை, நரம்புக்கு நடுவில் மஞ்சள்: மக்னீசியம் குறைவு. பச்சையத்தின் நடுவில் இருப்பதே மக்னீசியம்தான்.
* இலை ஓரம் மஞ்சளாகிக் கருகி வருது: சாம்பல் சத்துக் குறைவு.
* மஞ்சள் இல்லை, ஆனால் செடி குட்டையாக, இலை கரும்பச்சையாக, ஊதா கலந்து இருக்கு: மணிச்சத்துக் குறைவு.

கொழுந்து இலையில் தெரிந்தால்:

* நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள், முற்றினால் வெள்ளை: இரும்புச் சத்துக் குறைவு.
* கொழுந்து முழுக்க ஒரே சீராக வெளிறிப் போச்சு: கந்தகக் குறைவு.
* கொழுந்து முறுக்கிக் கருகுது, குருத்து வளராமல் நின்னு போச்சு: போரான் அல்லது சுண்ணாம்புச் சத்துக் குறைவு.

இரும்பு பற்றி ஒரு வார்த்தை. நமக்கு ரத்தசோகை வந்தால் இரும்பு மாத்திரை கொடுக்கிறார்கள். செடிக்கு வருவதும் ஒரு சோகைதான். ஆனால் மண்ணில் இரும்பு இல்லாமல் வருவது குறைவு. சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும், உவர் தண்ணீர் பாயும் நிலத்திலும் இரும்பு இருக்கும், வேரால் எடுக்க முடியாது. குழுப் பெட்டியில் பணம் இருந்தும் சாவி கையில் இல்லாத மாதிரி! இப்படிப்பட்ட மண்ணில் அடுப்புச் சாம்பலைக் கொட்டினால் பூட்டு இன்னும் இறுகும். மக்கிய தொழு உரம் போட்டால் பூட்டு மெல்லத் திறக்கும். அவசரத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பு, 1 கிராம் எலுமிச்சை உப்பு கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலை மேல் தெளிக்கணும்.

சாம்பலைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்க. விறகு எரியும்போது தழைச்சத்து புகையோடு போய்விடும். மிஞ்சும் சாம்பலில் சாம்பல் சத்தும் சுண்ணாம்பும் இருக்கும். அதனால் அடி இலை முழுக்க மஞ்சளான செடிக்குச் சாம்பல் மருந்தாகாது. அதற்கு மக்கிய எரு, மண்புழு உரம், ஊற வைத்த கடலைப் பிண்ணாக்குக் கரைசல் இவைதான் சரி. உடனே பலன் வேண்டுமானால் லிட்டருக்கு 10 கிராம் யூரியா கரைத்து மாலையில் தெளிக்கலாம். கூடுதல் போட்டால் இலை கருகும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சுதான். போரான் விஷயத்தில் இன்னும் கவனம். தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் கொஞ்சம். அளவு கேட்காமல் போடவே கூடாது.

உரம் போட்டாலும் தீராத மஞ்சள்

எல்லா மஞ்சளும் சத்துக் குறைவு இல்லை. வெண்டையில் நரம்பு மட்டும் மஞ்சளாக வலை பின்னினது போலத் தெரிந்தால் அது மஞ்சள் நரம்புத் தேமல் நோய். இரும்புக் குறைவில் நரம்பு பச்சை, இந்த நோயில் நரம்பு மஞ்சள். இந்த வித்தியாசத்தை மறக்காதீங்க. இது வைரஸ் நோய், வெள்ளை ஈ பரப்புகிறது. எந்த உரமும், எந்த டானிக்கும் குணமாக்காது. ஆரம்பத்திலேயே அந்தச் செடியைப் பிடுங்கி எரித்துவிட்டால் மற்ற செடிகள் தப்பும்.

தண்ணீர் தேங்கினாலும் இலை மஞ்சளாகும். வேர் மூச்சு விட முடியாமல் அழுகும்போது மண்ணில் சத்து இருந்தும் எடுக்க முடியாது. மண்ணைக் கிளறி வேரைப் பாருங்க. வேர் பழுப்பாகிக் கொழகொழவென்று இருந்தால் தண்ணீரை வடிக்கிறதுதான் மருந்து. இலையைத் திருப்பியும் பாருங்க. அடியில் பூச்சி இருந்தால் வைத்தியம் வேறு.

தக்காளியில் காயின் அடிப்பக்கம் கறுத்து அமுங்கினால் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை என்று பொருள். சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடுதான் செடிக்குள் பயணம் போகும். ஒரு வாரம் காயப் போட்டு, ஒரே நாளில் வெள்ளமாகப் பாய்ச்சுகிற இடத்தில் இது அதிகம். அளவாக, இடைவெளி மாறாமல் தண்ணீர் விட்டு, செடியடியில் காய்ந்த சருகை மூடாக்காகப் போட்டாலே பெரும்பாலும் சரியாகும்.

கடலைக்கும் நெல்லுக்கும்

நிலக்கடலையில் பொக்கு அதிகம் விழுந்தால் எடையில் அடி விழும். கடலைக்காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேர் வழியாக வாங்காமல், மண்ணுக்குள் இறங்கிய காயே நேரடியாக உறிஞ்சுகிறது. அதனால் விழுது இறங்கும் சமயத்தில், 40 முதல் 45-ம் நாளில், ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் செடியோரம் போட்டு மண் அணைக்கணும்.

நெல்லில் நட்ட இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் அடி இலையில் துரு பிடித்த மாதிரிப் பழுப்புப் புள்ளி வந்து, பயிர் திட்டுத் திட்டாகக் குன்றினால் துத்தநாகக் குறைவாக இருக்கலாம். அடுத்த நடவுக்கு முன் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ மணலோடு கலந்து தூவணும். டி.ஏ.பி.யோடு சேர்த்துப் போடாதீங்க. மணிச்சத்து துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நெல்லுக்கு யூரியா வேணுமா என்று பார்க்க இலை வண்ண அட்டை இருக்கிறது. நட்ட 14-ம் நாளிலிருந்து கதிர் வரும் வரை வாரம் ஒரு முறை, காலை வேளையில், நன்றாக விரிந்த மேல் இலையை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கணும். நேரடி வெயில் அட்டையில் படாமல் முதுகைக் காட்டி நின்று பாருங்க. 10 குத்தில் பார்த்து, 6 அல்லது அதற்கு மேல் வெளிறி இருந்தால் மட்டும் தழைச்சத்து போடலாம். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்பது எல்லை எண். மழை மூடாக்கு நீடிக்கும் நாளில் அவசரப்பட்டு யூரியா வீசாதீங்க. வெயில் இல்லாத நேரத்தில் அது கதிருக்குப் போகாது, பூச்சிக்கும் நோய்க்கும் விருந்தாகும்.

மண்ணையும் கேளுங்க

இலை சொல்வது இன்றைய நிலை. மண் பரிசோதனை சொல்வது முழுக் கணக்கு. 2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் தழை, மணி, சாம்பல், கந்தகம், ஐந்து நுண்ணூட்டங்கள், கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச் சத்து என்று 12 விவரங்கள் பார்க்கப்படுகின்றன.

மண் எடுப்பது சுலபம். உரம் போட்ட உடனே எடுக்க வேண்டாம். வரப்பு, வாய்க்கால், எருக்குழி, மரத்தடி இவற்றை விட்டுவிட்டு 10 முதல் 15 இடங்களில் அரை அடி ஆழத்துக்கு 'வி' வடிவக் குழி வெட்டுங்க. குழியின் பக்கத்திலிருந்து மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுங்க. எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிர் எதிர் பங்கைத் தள்ளி, அரை கிலோ வரும் வரை குறைத்து, நிழலில் காய வைத்துப் பையில் கட்டிப் பெயர், ஊர், சர்வே எண் எழுதிக் கொடுக்கணும்.

பத்து செடிக்கு முன் ஒரு செடி

இலையைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தாலும் உடனே நிலம் முழுக்கச் செலவு செய்ய வேண்டாம். நான்கு செடிக்கு மட்டும் கொடுத்துப் பாருங்க. பக்கத்தில் நான்கைச் சும்மா விடுங்க. ஒரு வாரம் பத்து நாளில் புதுசாக வரும் இலை பச்சையாக வந்தால் நம் கணிப்பு சரி. (முழுக்க மஞ்சளான பழைய இலை திரும்பப் பச்சையாகாது, அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.) மாற்றம் இல்லை என்றால் நான்கு செடிக்கான செலவோடு போச்சு. மீதிப் பணம் கையில் இருக்கு.

அடுத்த குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியவை:

1. ஒவ்வொருவரும் தோட்டத்திலிருந்து ஒரு மஞ்சள் இலை கொண்டு வாங்க. அது அடி இலையா, கொழுந்தா என்று சொல்லணும். மேலே உள்ள பட்டியலை வைத்து எல்லோரும் சேர்ந்து கண்டுபிடியுங்க.
2. குச்சி வைத்து எண்ணின வெயில் நேரத்தைச் சொல்லி, யார் எங்கே எதை நடலாம் என்று பேசுங்க.
3. உரம், மருந்துக்கு யாராவது கடன் கேட்டால், "எந்த இலை? எத்தனை மணி வெயில்? நாலு செடியில் பார்த்தாச்சா?" என்று மூன்று கேள்வி கேட்டுத் தீர்மானம் எழுதுங்க.
4. மண் பரிசோதனைக்குக் குழுவாக ஒரே நாளில் மண் எடுத்து, ஒருவர் மூலம் அனுப்புங்க.

சந்தேகம் இருந்தால் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலும், மாவட்டத்தின் வேளாண் அறிவியல் நிலையத்திலும் இலையோடு போய்க் கேளுங்க. விவசாயிகளுக்கான கட்டணமில்லாத் தொலைபேசி 1800-180-1551. தமிழிலேயே பேசலாம். பேசும்போதும் முதலில் சொல்ல வேண்டியது: மஞ்சளானது அடி இலையா, கொழுந்து இலையா!